நீர் தந்த ஒளியும் லயத்தின் இருளும்: கினிகத்தேனை வட்டார மின்வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

கினிகத்தேனை என்பது சிங்களமொழி வழிவந்த ஊர்ப்பெயர். அம்மொழியில் 'கினி' என்பது நெருப்பு. 'ஹேன' என்பது சேனை. தீப்பற்றிய சேனை என அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கிச் செல்லும் பெருந்தெரு களனிப் பள்ளத்தாக்கை விட்டுக் கணவாயேறி மலைநாட்டுக்குள் நுழையும் வாயிலிலே இவ்வூர் அமைந்துள்ளது. ஒரு பக்கம் வட்டவளைத் தேயிலை மலைகள். மறுபக்கம் நோட்டன், லக்சபான, பொல்பிட்டிய என்னும் மின்னிலையங்கள். கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இவ்வட்டாரத்து மலைகளைக் குடைந்திறங்கி ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. அபர்டீன் நீர்வீழ்ச்சியும் லக்சபான நீர்வீழ்ச்சியும் அவ்விரு ஆறுகளின் வீழ்ச்சிகளே.

இலங்கையின் நீர்மின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சிறுநிலப்பரப்பிலேதான் தொடங்கியது. எனினும், இதே நிலப்பரப்பிலுள்ள தோட்ட லயங்கள் பல, மின்சாரம் பிறந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் குப்பிலாம்பின் ஒளியிலேயே காலங்கழித்தன. கொழும்பு நகரத்துத் தெருவிளக்குகளுக்கு மின்சாரங் கொண்டுசென்ற உயர்கம்பிகள் லயத்துக் கூரைகளுக்கு மேலாகவே சென்றன. கம்பி மேலே சென்றது. ஒளி கீழே இறங்கவில்லை. இம்முரண்பாடு எவ்வாறு ஏற்பட்டது? கம்பியின்றி வாழ்ந்த மக்கள் தமக்கான ஒளியை எவ்வழியிற் தேடிக்கொண்டனர்? மின்வலையைத் தவிர்த்துத் தனிக்குடிலமைத்து வாழ விரும்புவோர் பெருகிவரும் இக்காலத்தில் அம்மக்களின் அனுபவம் நமக்குக் கற்பிப்பது யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தோட்டங்களுக்கு இயந்திரவலு எவ்வாறு வந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்ததும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அதனிடத்தைப் பிடித்ததும் யாவரும் அறிந்தனவே. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. கோப்பியைத் தோட்டத்தில் ஓரளவு பதப்படுத்திக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம். தேயிலையோ கொய்த அன்றே வாட்டப்பட வேண்டியது. வாட்டிய கொழுந்தை உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்த வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் தொழிற்சாலை ஒன்று தேவைப்பட்டது. தொழிலாளர் இதனை 'ஸ்டோர்' என்றே வழங்கினர். தொழிற்சாலைக்கு வலு தேவைப்பட்டது. புகையிரதப்பாதை 1884இல் அட்டனை அடைந்தபின் பாரமான இயந்திரங்களை மலைக்குக் கொண்டுவருவது எளிதாயிற்று. ஆயினும் எரிபொருளின் விலை துரைமார்க்குப் பெருஞ்சுமையாகவே இருந்தது. மலையிலோ ஓடைகளுக்குக் குறைவில்லை. எனவே ஓடையை மறித்து வாய்க்கால் வெட்டி, குழாய்வழி நீரை இறக்கி, முதலில் நீர்ச்சில்லுகளையும் பின்னர் சுழலிகளையும் அவர்கள் நிறுவினர். இங்கிலாந்தின் கென்டல் நகரத்துக் கில்க்ஸ் நிறுவனத்தின் சுழலிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தமை இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

இவ்வாறு மலைநாட்டில் நூற்றுக்கணக்கான சிறு நீர்வலு அமைப்புகள் தோன்றின. தொடக்கத்தில் சுழலியின் சுழற்சி தண்டுகளாலும் தோற்பட்டிகளாலும் நேரே உருளைகளுக்குச் செலுத்தப்பட்டது. பின்னர் மின்பிறப்பாக்கிகள் இணைக்கப்பட்டன. 1895இல் கொழும்பில் பிரிஸ்டல் ஹோட்டலுக்கு மின்னொளி வந்தது. அதனையடுத்த சில பத்தாண்டுகளுக்குள் தோட்டங்கள் பலவற்றிலும் துரையின் பங்களாவும் தொழிற்சாலையும் மின்னொளி பெற்றன. இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வாய்க்காலை வெட்டியவர், அதிற் சேரும் மண்ணை வாரியவர், குழாயைச் சுமந்தவர் யாவரும் தொழிலாளரே. வாய்க்கால் சில இடங்களில் லயத்துக்கு அருகாகவே ஓடியது. ஆயினும் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவுக்குள் ஒரு விளக்கையேனும் எரிப்பது தோட்ட நிருவாகத்தின் கணக்கேட்டில் செலவாகவே கொள்ளப்பட்டது. வலு இல்லாமையால் லயம் இருண்டிருந்தது என்று கூற இயலாது. பகல்முழுதும் உருளைகளை இயக்கிய நீர் இரவிலும் ஓடிக்கொண்டேயிருந்தது. பங்கீட்டிலேதான் இருள் இருந்தது.

3

தனித்தனித் தோட்டங்களின் சிறு அமைப்புகளை விடுத்து நாடு முழுமைக்குமான நீர்மின் திட்டத்தைச் சிந்தித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர (1874 - 1953) ஆவார். 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறு மின்னிலையமொன்றை அமைத்து அவர் நுவரெலியா நகருக்கு ஒளியூட்டினார். 1918இல் இலங்கையில் வலுப்பயன்பாட்டின் பொருளாதாரம் பற்றி அவர் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, மஸ்கெலியா - நோட்டன் பகுதியின் ஆறுகளைக்கொண்டு நாட்டைத் தொழில்மயமாக்கலாம் என வாதிட்டது. குடியேற்ற ஆட்சியினர் அதனை உடனே வரவேற்கவில்லை. 1920களில் தொடங்கிய லக்சபான வேலைகளும் பணமுடையால் இடைநின்றன. 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற அவர் அங்கும் இத்திட்டத்துக்காகவே குரல் கொடுத்தார். ஈற்றில் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே வேலைகள் முற்றுப்பெற்றன. 1950இன் இறுதியில் பழைய லக்சபான மின்னிலையம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது. 1958இல் அது இருமடங்காயிற்று.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1965இல் 50 மெகாவாற்று விமலசுரேந்திர மின்னிலையம், 1969இல் 75 மெகாவாற்றுப் பொல்பிட்டிய நிலையம், 1974இல் 100 மெகாவாற்றுப் புதிய லக்சபான நிலையம், 1983இலும் 1989இலுமாக 60 மெகாவாற்றுக் கெனியன் நிலையம் ஆகியன அமைந்தன. தொடக்க வலுவைக்கொண்டு கணக்கிட்டால் இரண்டு சிற்றாறுகளிலிருந்து 335 மெகாவாற்று பெறப்பட்டது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் பெருநீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாகலை நீர் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. இன்றும் கோடையில் நீர்மட்டம் தாழும்போது அந்நகரத்துக் கோயிலின் எச்சங்கள் வெளித்தோன்றுகின்றன. தேயிலை நிலங்களும் குடியிருப்புகளும் நீருக்கடியிற் போயின. ஒளிக்காக நிலத்தை இழந்தோர் ஒளியைப் பெறுவதிற் பின்வரிசையில் நின்றனர்.

லக்சபான மின்சாரம் பிறந்த 1950 என்னும் ஆண்டை அரசியல் வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் அவசியமாகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றிபெற்றது. மலையக மக்கள் அரசியற்சக்தியாகத் திகழ்ந்த காலம் அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அடுத்த ஆண்டிலேதான் லக்சபானவின் சுழலிகள் சுழலத் தொடங்கின. மின்கம்பி ஒரு கிராமத்துக்குச் செல்வது பொறியியலால் மட்டும் நிகழ்வதன்று. அக்கிராமத்துக்காகப் பாராளுமன்றத்திற் பேசுவோர் ஒருவர் இருத்தல் வேண்டும். வாக்கில்லாத மக்களுக்காகக் கம்பியிழுக்க எந்த வேட்பாளரும் வாக்குறுதியளிக்கவில்லை. அளிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் மற்றோர் உடன்பாடு செய்யப்பட்டது. யார் போவார், யார் இருப்பார் என்பது தெரியாத நிலையில் லயத்துக்கு மின்னிணைப்புக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் எவரும் முனையவில்லை. இருந்தோருக்கும் வீடு சொந்தமன்று, நிலம் தோட்டத்துக்குரியது, இணைப்புப் பெறுவதற்கு நிருவாகத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1902இல் மைசூர்ச் சமஸ்தானத்துச் சிவசமுத்திரத்திற் பிறந்த மின்சாரம் முதலிற் சென்ற இடம் கோலார்த் தங்கச்சுரங்கம். அங்கே தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்தனர். மின்சாரமோ சுரங்கத்து இயந்திரங்களுக்கே சென்றது. 1932இல் நீலகிரியின் பைக்காராவில் உற்பத்தியான மின்சாரம் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளை வளர்த்தது. முதலில் மூலதனம், அடுத்து நகரம், ஈற்றிலே உழைப்பவன் குடில் என்னும் வரிசை பல நாடுகளிலும் காணப்படுவதே. எனினும் குடியுரிமைப் பறிப்பு என்னும் கூடுதற்காரணம் மலையகத்தில் அவ்வரிசையின் இறுதிக்கட்டத்தை அரை நூற்றாண்டுக்கு நீட்டிவிட்டது.

4

கம்பி எட்டாத மக்கள் வாளாவிருந்தனர் என எண்ணுதல் தவறு. அவர்களது தேடலின் வரலாறு மின்கலவடுக்கின் வரலாறாகும். மலைநாட்டு வழக்கில் அது 'பெட்டரி'.

ஈய அமிலப் பற்றரியை 1859இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளான்ரே உருவாக்கினார். மோட்டார் வாகனத்தோடு அது உலகெங்கும் பரவியது. வால்வு வானொலிகளின் காலத்தில் வாகனப் பற்றரியின் 6 வோல்ற்று மின்னழுத்தம் அவற்றுக்குப் போதவில்லை. ஆகவே 'வைபிரேற்றர்' என்னும் அதிரும் சாவியொன்று நேரோட்டத்தை நொடிக்குப் பலமுறை துண்டித்துத் துண்டித்து மாற்றியூடாகச் செலுத்தி உயர்அழுத்தமாக்கியது. அக்காலத்து வானொலியைக் கேட்டோர், இசைக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரமொன்றையும் கேட்டிருப்பர்; அது அந்தச் சாவியின் ஒலி. நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் கருவியையே இன்று 'இன்வேட்டர்' என்கின்றோம். அப்பெயரை 1925இல் அமெரிக்கப் பொறியியலாளர் டேவிட் பிரின்ஸ் தமது கட்டுரையொன்றுக்குத் தலைப்பாக்கினார். 1947இல் டிரான்சிஸ்டரும் 1957இல் தைரிஸ்டரும் பிறந்தபின் அதிரும் சாவியின் இடத்தைக் குறைகடத்திகள் பிடித்தன. பேரளவிற் பார்த்தால், வானொலிப் பெட்டிக்குள் ஒளிந்திருந்த கருவியே வளர்ந்து இன்று வீடு முழுவதற்கும் மின்சாரம் வழங்குகின்றது.

டிரான்சிஸ்டர் வானொலி வந்தபின் உலர்கலங்களே போதுமானவையாயின. லயத்துக்குள் வெளியுலகம் நுழைந்தது அவ்வழியாலேதான். பெரும் மாற்றம் தொலைக்காட்சியோடு வந்தது. 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. 12 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்கிய சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வாகனப் பற்றரியோடு நேரே இணைக்கப்படக்கூடியன. பற்றரியைச் சாக்கிற் கட்டித் தலையிலோ தோளிலோ சுமந்து கடைவீதிக்குக் கொண்டுசென்று மின்னேற்றி வரும் வழக்கம் அக்காலத்திலே பரவியது. வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனிக்கிழமை மாலை திரும்பப் பெறலாம். மழைக்காலத்தில் வழுக்கும் படிக்கட்டுகளில் அச்சுமையை இறக்கி ஏற்றியோர், அமிலந் தெறித்து ஓட்டை விழுந்த சட்டைகளை இன்னும் நினைவுகூர்வர். நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கை உற்பத்தி செய்த மலையின் மக்கள், அம்மின்சாரத்தைக் கடைவீதியில் விலைக்கு வாங்கித் தலைச்சுமையாக மலைக்கே திருப்பிக் கொண்டுசென்றனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான உண்மையாகும்.

வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் 230 வோல்ற்று ஆடலோட்டம் தேவைப்பட்டது. மலிவான இன்வேட்டர்கள் சந்தைக்கு வந்தன. இவற்றுட் பல சதுரவடிவ அலையைத் தருவன. விளக்குக்கு அது போதும், மின்மோட்டருக்கும் நுண்கருவிகளுக்கும் ஒவ்வாது. மேலும், வாகனப் பற்றரியின் தகடுகள் மெல்லியவை. வாகனத்தை இயக்கத் தொடங்கும் ஒரு கணத்துக்குப் பெருமின்னோட்டம் வழங்குவதே அதன் வேலை. அதனை இரவு முழுதும் வடித்துவிட்டு ஒரு வாரம் வெறுமையாக வைத்தால் தகட்டில் ஈயச் சல்பேற்று இறுகிவிடும். விரைவிலேயே அது பயனற்றதாகும். வறிய குடும்பமொன்று திரும்பத் திரும்பப் புதுப்பற்றரி வாங்கியதன் காரணம் இதுவே. குறைந்த விலைக்கு வாங்கியது கூடிய செலவிலே முடிந்தது.

1997இல் உலகவங்கிக் கடனுதவியுடன் தொடங்கி 2011வரை இரு கட்டங்களாக நடைபெற்ற கிராமிய மின்வலுத் திட்டங்கள் இந்நிலையிற் சிறிது மாற்றத்தை உண்டாக்கின. நாட்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய ஒளி மின்தொகுதிகள் கடன் அடிப்படையில் வழங்கப்பட்டன. கிராமிய நீர்மின் அமைப்புகளும் தோன்றின. சிறு நீர்மின்சாரத்தைத் தேசிய மின்வலைக்கு விற்கும் முறையும் இக்காலத்தில் வளர்ந்தது. இதற்கிடையே தேசிய மின்வலை லயங்களையும் எட்டியது. 2016 அளவில் நாட்டின் வீடுகளுட் பெரும்பாலும் அனைத்துமே மின்னிணைப்புப் பெற்றுவிட்டன. பற்றரி சுமக்கும் காலம் மறைந்தது.

5

இருப்பினும் கதை அத்துடன் முடியவில்லை. 1996ஆம் ஆண்டு வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு இருண்டது. 2022 மார்ச்சு இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு அமுலாயிற்று. 2025 நவம்பரின் இறுதியில் வீசிய திட்வா புயலின்போது மலைநாட்டில் மண்சரிவுகள் கம்பங்களையும் பாதைகளையும் ஒருங்கே அழித்தன. மின்வலையை நம்பியிருந்தோர் மீண்டும் பற்றரியை நினைத்தனர். மற்றொரு பக்கத்தில், தேயிலை மலைச்சரிவுகளில் உல்லாசப் பயணிகளுக்கெனத் தனிக்குடில்கள் எழுகின்றன. மின்வலைக்குப் புறம்பாக வாழ்தல் அங்கே ஒரு கவர்ச்சியாகவே விளம்பரப்படுத்தப்படுகின்றது. ஒரு தலைமுறைக்கு விதியாக இருந்தது மற்றொரு தலைமுறைக்கு விருப்பமாயிற்று. அவ்விருப்பத்துக்கும் இப்புதிய தேவைக்கும் பழைய அனுபவம் வழிகாட்டக்கூடியது. ஆகவே கினிகத்தேனை மலையொன்றில் தனிக்குடிலோ இரவுப்பாடசாலையோ அமைப்பவர் இன்வேட்டரையும் பற்றரியையும் தெரிவுசெய்யும் முறையைச் சிறிது விரித்துக் கூறுதல் பொருந்தும்.

முதலிற் கணக்கிடவேண்டியது தேவையையே. 7 வாற்று விளக்குகள் நான்கு, ஐந்து மணிநேரம்: 140 வாற்று மணி. 40 வாற்றுத் தொலைக்காட்சி நான்கு மணிநேரம்: 160. 50 வாற்று மடிக்கணினி மூன்று மணிநேரம்: 150. இணையக்கருவி 10 வாற்று, பன்னிரண்டு மணிநேரம்: 120. தொலைபேசிகளுக்கு 30. கூட்டுத்தொகை நாளொன்றுக்கு 600 வாற்று மணி. இன்வேட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 700. வட்டவளை, கினிகத்தேனைப் பகுதி இலங்கையிலேயே மிகுந்த மழைபெறும் பிரதேசங்களுள் ஒன்று. இரண்டு நாள் வெயிலில்லாதிருப்பது இங்கே இயல்பு. ஆகவே 1,400 வாற்று மணி கையிருப்பில் இருத்தல் வேண்டும். ஈய அமிலப் பற்றரியின் கொள்ளளவிற் பாதிக்குமேல் வடித்தல் தகாது. எனவே 2,800 வாற்று மணிக் கொள்ளளவு தேவை. 12 வோல்ற்று, 120 அம்பியர் மணிப் பற்றரிகள் இரண்டு இதற்கு ஏறக்குறைய ஈடாகும். அவை ஆழ்வடிப்புக்கென ஆக்கப்பட்டனவாக இருத்தல் வேண்டும், வாகனப் பற்றரியன்று. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியாயின் எண்பது வீதம்வரை வடிக்கலாம், ஆகவே 12.8 வோல்ற்று, 150 அம்பியர் மணி கொண்ட ஒன்றே போதும். விலை கூடியதாயினும் ஈயப்பற்றரியைவிடப் பன்மடங்கு காலம் உழைப்பதால், மீண்டும் மீண்டும் வாங்கிய அந்தப் பழைய குடும்பத்தின் பிழையை இது தவிர்க்கின்றது.

அடுத்தது இன்வேட்டர். மேற்கூறிய கருவிகள் யாவும் ஒருங்கே இயங்கினாலும் 150 வாற்றைத் தாண்டா. ஆகவே 500 வாற்றுத் தூய சைன் அலை இன்வேட்டர் தாராளமாகப் போதும். பெரிதாயிருப்பது நன்றென்று 3,000 வாற்றுக் கருவியை வாங்குவோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். விளக்கொன்றும் எரியாதபோதும் இன்வேட்டர் தனக்கென மின்சாரம் உண்ணும். 10 வாற்று உண்ணும் கருவி நாள்முழுதும் இயங்கினால் 240 வாற்று மணி வீணாகும். அது நான்கு விளக்குகளின் தேவையைவிடக் கூடியது. நீர்கொதிக்கவைக்கும் 2,000 வாற்றுக் கேத்தலுக்கு 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 167 அம்பியர் பாயவேண்டும். அத்தகைய மின்னோட்டம் கம்பியைச் சூடேற்றி விபத்துக்கு வழிகோலும். வெப்பம் வேண்டிய வேலைகளை விறகுக்கும் வாயுவுக்கும் விடுதலே அறிவுடைமை. குளிர்சாதனப்பெட்டி போன்ற மோட்டர்க் கருவிகள் தொடங்குங்கணத்திற் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பன என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும். தேவை பெருகுமாயின் இரு பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ற்றாக்குதல் சிறந்தது. மின்னோட்டம் பாதியாகும், ஒரே கம்பியில் இழப்புக் காற்பங்காகும். பற்றரிக்கு அருகே உருகி பொருத்தப்படல் வேண்டும். ஈயப்பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளியிடும். குடும்பமே உறங்கும் சிறு காம்பராவுக்குள் அதனை வைத்த பழைய வழக்கம் ஆபத்தானது. காற்றோட்டமுள்ள தாழ்வாரமே அதற்குரிய இடம்.

எங்கிருந்து மின்னேற்றுவது? மழைக்காலத்திற் பயன்தரும் வெயில் நாளொன்றுக்கு இரண்டரை மணிநேரமெனக் கொண்டால், இழப்புகளையும் சேர்த்து 400 வாற்றுச் சூரியத்தகடு வேண்டும். ஆயின் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் தவறலாம். அம்மாதங்களிலேதான் ஓடைகள் பெருக்கெடுக்கின்றன. நொடிக்கு ஐந்து லீற்றர் நீர் இருபது மீற்றர் உயரத்திலிருந்து இறங்குமாயின் ஏறத்தாழ ஒரு கிலோவாற்று வலு கிடைக்கும். சிறு சுழலியில் அதிற் பாதியை மின்சாரமாகப் பெறலாம். அரைக் கிலோவாற்று இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோவாற்று மணி. மேற்கூறிய குடிலின் தேவையைப்போல் பதினேழு மடங்கு அது. லயமொன்றின் காம்பராக்கள் அனைத்துக்கும் போதுமானது. பற்றரியும் சிறிதாகவே இருக்கலாம், நீர் இரவில் உறங்குவதில்லையாதலால். தை முதல் பங்குனி வரை ஓடை மெலியும். அப்போது வெயில் மிகும். மாரிக்கு நீர், கோடைக்கு ஞாயிறு என்னும் இணைப்பே இவ்வட்டாரத்தின் இயற்கைக்கு ஏற்றது.

6

இக்கணக்கு நம்மை மீண்டும் தொடக்கத்துக்கே கொண்டுவருகின்றது. நூறாண்டுக்கு முன்னர் துரைமார் செய்ததும் இதுவே. ஓடையும் வாய்க்காலும் சுழலியும் அன்றே இருந்தன. தொழிற்சாலைக்குத் தேவையான வலுவில் மிகச்சிறு பகுதியே லயத்து விளக்குகளுக்குப் போதுமாயிருந்திருக்கும். தேசிய மின்வலை வந்தபின் தோட்டத்துச் சுழலிகள் பல கைவிடப்பட்டன. 1980களில் ஐ.ரி.டி.ஜி. என்னும் இடைநிலைத் தொழில்நுட்ப நிறுவனம் அவற்றுட் சிலவற்றைப் புனரமைக்க முனைந்தது. 'சிறியதே அழகு' என்னும் நூலை 1973இல் எழுதிய ஷூமாக்கர் நிறுவிய அமைப்பு அது. தொழில்நுட்பம் சிறிதாயிருத்தல் மட்டும் போதாது. அது யாருடைய கையில் இருக்கின்றது என்பதும் கேட்கப்படவேண்டும் என்பதற்கு நமது தோட்டங்களின் பழைய சுழலிகளே சான்று. அவை சிறியனவாகத்தான் இருந்தன. ஆயினும் துரையின் சாவிக்கொத்திலே பூட்டப்பட்டிருந்தன.

பெருந்திட்டங்கள் வேண்டாவென்பது இதன் கருத்தன்று. லக்சபான இல்லையேல் இலங்கையின் தொழிற்றுறையும் மருத்துவமனைகளும் இன்றைய நிலையை எய்தியிரா. இன்வேட்டரும் பற்றரியும் தேசிய மின்வலைக்கு மாற்றாகிவிடும் என்று கூறி, எஞ்சியுள்ள ஏழைகளை அவற்றோடு விட்டுவிடுவதும் புதியதொரு வஞ்சனையாகிவிடக்கூடும். 1997க்குப் பிந்திய திட்டங்களிற் சூரியத்தகடு வாங்கியோர் பலரும் கம்பி வந்ததும் கம்பிக்கே மாறினர் என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் வேண்டியது ஒளியை மட்டுமன்று. மற்றவர்க்குள்ள உரிமை தமக்கும் உண்டென்பதையும் வேண்டினர். மின்பட்டியலில் தமது பெயரும் வீட்டு முகவரியும் அச்சாகி வருவதை முதன்முறை கண்ட தொழிலாளிக்கு அது வெறும் கட்டணச்சீட்டாக இருந்திராது.

இவ்வரலாற்றை எழுதுவதற்குரிய சான்றுகள் விரைந்து அழிகின்றன. கைவிடப்பட்ட சுழலிகள் பழைய இரும்பாகின்றன. வாய்க்கால்கள் பற்றைக்காட்டுக்குள் மறைகின்றன. கடைவீதிகளில் பற்றரிக்கு மின்னேற்றிய கடைகள் இன்று வேறு வியாபாரம் செய்கின்றன. எந்தத் தோட்டத்திலிருந்து எவர் எத்தனை நாளுக்கொருமுறை பற்றரி கொணர்ந்தார் என்று எழுதிவைத்த கொப்பிகளை எவரும் பேணவில்லை. மின்சாரத்துறையின் ஆண்டறிக்கைகளில் மெகாவாற்றுகள் உண்டு, தலைச்சுமைகள் இல்லை. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்து முதியோரிடம் இரண்டு கேள்விகள் கேட்டெழுதலாம்: உங்கள் லயத்துக்கு எந்த ஆண்டிற் கம்பி வந்தது? அதற்கு முன்னர் எதைக்கொண்டு ஒளி பெற்றீர்கள்? அவ்விடைகளைத் தோட்டந்தோட்டமாகத் தொகுத்து, லக்சபான மின்சாரம் பிறந்த ஆண்டோடு ஒப்பிட்டு நோக்கினால், இம்மண்ணில் ஒளி நடந்துவந்த வேகம் எவ்வளவென்பது புலப்படும். நோட்டனிலிருந்து கொழும்புவரை ஒரு கணத்தில் ஓடிய மின்சாரம், நோட்டனுக்கு அருகிலுள்ள லயத்தை அடைய எத்தனை ஆண்டுகள் எடுத்தன என்பதை நாம் எழுதிவைத்தல் வேண்டும்.